ரேஞ்ச் ரோவரில் வி8-ஐ இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவது: டிரெய்லர் இழுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 3.9 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோலோடு வந்த பழைய ரேஞ்ச் ரோவர், ஆட்டோமேட்டிக். பின்னால் 2.2 டன் படகு டிரெய்லர். பெட்ரோல் செலவு தாங்காமல் லேண்ட் ரோவரின் 300 டிடிஐ டர்போ டீசலுக்கு மாற்றினேன். அதன்பிறகு அதே யோசனையில் இருக்கும் பலரும் என்னிடம் கேட்டவையும், நான் தொடங்கும் முன் கேட்டிருக்க வேண்டியவையும் கீழே. பெரும்பாலும் ரேஞ்ச் ரோவரைப் பற்றித்தான் சொல்கிறேன். லெக்ஸஸ் எல்எக்ஸ், மெர்சிடிஸ் ஜி போன்ற வண்டிகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

வி8-இல் என்ன குறை? ஏன் மாற்ற வேண்டும்?

இழுப்பதில் ஒரு குறையும் இல்லை. 3.9 வி8 சுமார் 180 எச்.பி. தரும், டார்க் (சுழற்றும் விசை) 310 நியூட்டன் மீட்டருக்கு மேல். குறை அது குடிக்கும் பெட்ரோலில். டிரெய்லர் மாட்டி மேட்டுச் சாலையில் போனால் 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் சாதாரணமாகப் போகும். எதிர்காற்று அடித்தால் அதற்கும் மேலே.

டீசல் ஏன் குறைவாகக் குடிக்கிறது? 300 டிடிஐ காற்றை 19.5 மடங்கு அழுத்துகிறது, அந்த வி8 சுமார் 9.35 மடங்குதான். அதிகம் அழுத்த அழுத்த, எரியும் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறும். டீசலில் காற்றை அடைக்கும் திராட்டில் கதவும் கிடையாது, அதனால் பாதி பாரத்தில் ஓடும்போது மூச்சு முட்டாது. போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட பத்து சதவீதத்துக்கும் கூடுதலான ஆற்றல் இருக்கிறது.

டீசல் ஏற்றினால் இன்னும் கனமான டிரெய்லரை இழுக்கலாமா?

கூடாது. இழுவை வரம்பை முடிவு செய்வது இன்ஜின் மட்டுமல்ல. சேஸிஸ், பின் ஆக்ஸில், பிரேக், கொக்கி மாட்டும் இடம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பிரேக் உள்ள டிரெய்லருக்கு 3,500 கிலோ என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால், உள்ளே கப்பல் இன்ஜினை வைத்தாலும் 3,500தான். வண்டி, டிரெய்லர் இரண்டும் சேர்ந்த மொத்த எடைக்கும் தகட்டில் ஓர் எண் இருக்கும், அதைப் பலரும் பார்ப்பதே இல்லை. டீசல் இன்ஜின் வி8-ஐவிடக் கனமாக இருந்தால், அந்தக் கூடுதல் எடையும் அதே கணக்கில்தான் கழியும். சொல்லப்போனால் மாற்றத்துக்குப் பிறகு உங்களால் இழுக்க முடிவது கொஞ்சம் குறையும்.

எவ்வளவு சக்தி இருந்தால் போதும்?

இந்தக் கேள்விக்குத்தான் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஊர்க்கதை வேண்டாம், கணக்குப் போடுவோம்.

வண்டி 2.5 டன், டிரெய்லர் 2.5 டன், மொத்தம் 5 டன். சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். எடையை மேலே தூக்க மட்டும் சுமார் 65 கிலோவாட் போகிறது. டயர் உருளும் தடைக்கு 14. பெட்டி வடிவ வண்டியும் அதன் பின்னால் ஒரு டிரெய்லரும் காற்றைக் கிழிக்க இன்னும் 20. ஆக சக்கரத்தில் ஏறக்குறைய 99 கிலோவாட் வேண்டும். கியர்பாக்ஸ், சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸிலில் உள்ள இரண்டு டிஃப்ரென்ஷியல் ஆகியவற்றில் 15 சதவீதம் விரயம் என்று வையுங்கள். இன்ஜின் தர வேண்டியது 117 கிலோவாட், அதாவது 157 எச்.பி.

இப்போது 300 டிடிஐ-யைப் பாருங்கள். 4,000 ஆர்பிஎம்மில் 111 எச்.பி., அதாவது 83 கிலோவாட்தான். விரயம் போகச் சக்கரத்துக்கு வருவது 70. அதே ஏற்றத்தில் அதே பாரத்துக்கு அதிகபட்சம் 60 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும், அதுவும் இன்ஜினை உச்சத்தில் அலறவிட்டால். நான் அதைத்தான் ஏற்றினேன். என் மொத்த எடை 5 டன்னைவிடக் குறைவு, ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் போவதில் எனக்கு வெட்கமும் இல்லை. உங்களுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் 170 எச்.பி.க்குக் கீழே எதையும் பார்க்காதீர்கள்.

டீசலுக்கு டார்க்தானே முக்கியம்? எச்.பி.யை ஏன் பார்க்கிறீர்கள்?

மேட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது சக்தி. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கினால் வருவதுதான் சக்தி. 300 டிடிஐ-யின் உச்ச டார்க் 265 நியூட்டன் மீட்டர், 1,800 ஆர்பிஎம்மில். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் கிடைக்கும் சக்தி வெறும் 50 கிலோவாட். இன்னொன்று, கழற்றி வைத்த வி8-இன் உச்ச டார்க் இதைவிட அதிகம்! "டீசல் என்றால் இழுவை" என்று நம்பிச் சின்ன டீசலை ஏற்றுகிறவர்கள் முதல் மேட்டிலேயே முகம் வாடுவது இதனால்தான்.

டீசலின் சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே டர்போ காற்றைத் தள்ளத் தொடங்கிவிடும். சின்னச் சின்ன மேட்டுக்கெல்லாம் கியர் இறங்காது. நாள் முழுக்க ஓட்டினாலும் களைப்பு தெரியாது.

சரி, எந்த இன்ஜினை ஏற்றுவது?

என் ஒரே விதி: உங்கள் வண்டியின் அதே சேஸிஸில் தயாரிப்பாளரே ஏதாவது டீசலை விற்றிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். விற்றிருந்தால் மவுண்ட், ரேடியேட்டர், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங், குழாய், வயரிங் எல்லாம் எங்கோ ஒரு பழைய வண்டியில் தயாராக இருக்கின்றன. அந்த முழு வண்டியையும் வாங்குங்கள், இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். ஒரு பிராக்கெட்டைத் தேடி மூன்று வாரம் அலைந்தவன் சொல்கிறேன்.

பழைய ரேஞ்ச் ரோவருக்கு 1986-இல் இத்தாலியின் விஎம் நிறுவனத்து 2.4 லிட்டர் டீசல் வந்தது, பிறகு அதுவே 2.5 ஆனது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட், அதனால் கேஸ்கட் தகராறு. அதைத் தேடிப் போக வேண்டாம். 1992-இல் 200 டிடிஐ, 1994-இல் 300 டிடிஐ. இரண்டுமே 2.5 லிட்டர், எளிமையானவை, மெக்கானிக்கல் பம்ப், சாவி கொடுத்தால் ஓடும். 300 டிடிஐ கொஞ்சம் சாந்தம். ஆனால் அதன் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் டைமிங் பெல்ட் ஓரம் தேய்ந்து அறுந்தது உண்டு. திருத்திய புல்லி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1994 முதல் 2002 வரை வந்த இரண்டாம் தலைமுறை, அதாவது பி38, தொழிற்சாலையிலிருந்து பிஎம்டபிள்யூவின் 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எம்51 டீசலோடும் வந்தது. 136 எச்.பி., 270 நியூட்டன் மீட்டர். இரண்டு டன்னைத் தாண்டிய வண்டிக்கு அது பத்தாது என்பது அப்போதே பேச்சு. அதனால் அதன் தம்பியான 3 லிட்டர் எம்57-ஐ ஏற்றுகிறவர்கள் உண்டு. அடுத்த தலைமுறை ரேஞ்ச் ரோவரில் தயாரிப்பாளரே அதை 177 எச்.பி., 390 நியூட்டன் மீட்டர் அளவில் வைத்தார். இழுவைக்கு அருமையான இன்ஜின், மேலே போட்ட கணக்கிலும் தேறிவிடும். ஒரு கண்டம் மட்டும் உண்டு: இன்டேக்கில் இருக்கும் சுழற்சிக் கதவுகள் உடைந்து சிலிண்டருக்குள் விழலாம். ஏற்றும் முன்பே அவற்றைக் கழற்றி அடைத்துவிடுங்கள். இன்னொரு விஷயம், இது கணினி இல்லாமல் ஓடாது.

கணினி வேண்டாம், ஆனால் ஆறு சிலிண்டர் வேண்டும் என்பவர்கள் மெர்சிடிஸின் ஓஎம்606 பக்கம் போகிறார்கள். 3 லிட்டர், 24 வால்வு, டர்போவோடு 177 எச்.பி., 330 நியூட்டன் மீட்டர். முந்தைய ஓஎம்603-இன் மெக்கானிக்கல் பம்பை இதில் பொருத்தலாம். ஜி வண்டியில் தொழிற்சாலையே இதை வைத்திருக்கிறது, ஆக ஜி வைத்திருப்பவருக்கு இது வீட்டுப் பிள்ளை. ரேஞ்ச் ரோவருக்கோ அடாப்டர் தட்டு செய்தாக வேண்டும்.

லெக்ஸஸ் எல்எக்ஸ்470 வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அது லேண்ட் குரூசர் 100-இன் சேஸிஸ். அந்த லேண்ட் குரூசரில் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் 1எச்டி-எஃப்டிஇ டர்போ டீசல் வந்திருக்கிறது, 430 நியூட்டன் மீட்டர். இருக்கும் 4.7 வி8-ஐ இறக்கிவிட்டு இதை ஏற்றினால், வெல்டிங் மிஷினைத் தொடாமலே பெரும்பாலான வேலை முடியும்.

கம்மின்ஸ் 4பிடி போட்டால் என்ன? அழிக்கவே முடியாது என்கிறார்களே?

அழிக்க முடியாதுதான். முதலில் அழியப்போவது உங்கள் வண்டி. 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், இன்ஜின் எடை மட்டும் சுமார் 340 கிலோ. அலுமினிய வி8-இன் எடையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு. பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது. டெலிவரி வேன்களில் ஓடிய இன்ஜின் அது. காலி டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஐடிலில் உதறும். தோல் சீட்டும் மரப்பலகை டேஷ்போர்டும் உள்ள வண்டியில் அதை வைத்து ஓட்டும்போது கண்ணாடி, கதவு, கைப்பிடி எல்லாம் ஆளுக்கொரு ராகம் பாடும். பண்ணை வேலைக்கான பிக்கப் என்றால் நானே சரி என்பேன். சொகுசு வண்டிக்கு ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்தான் அழகு. அதன் பிஸ்டன்கள் ஒன்றின் அசைவை மற்றொன்று சமன்செய்துவிடும்.

இருக்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், ஆனால் அப்படியே வைக்கக் கூடாது. என் பணம் அதிகம் கரைந்தது இங்கேதான்.

பழைய ரேஞ்ச் ரோவரில் இருப்பது ஜெட்எஃப் 4எச்பி22. பெட்ரோல், டீசல் இரண்டோடும் வந்த கியர்பாக்ஸ். வெளியே பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், உள்ளே அப்படியில்லை. வி8 5,000 ஆர்பிஎம் பக்கம் போய் கியர் மாற்றும். டீசல் 4,000-ஐத் தாண்டாது. எப்போது கியர் மாற்றுவது என்று சொல்லும் கவர்னர் அதற்கேற்ப வேறாக இருக்க வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரும் அப்படித்தான்: பெட்ரோலுக்கான கன்வெர்ட்டர் டீசலின் பின்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கிளம்பும்போது ரப்பரை இழுப்பதுபோலத் தெரியும். ஆகவே டீசல் வண்டியிலிருந்தே கியர்பாக்ஸோடு சேர்த்து எடுங்கள்.

அடுத்தது கிக்டவுன் கேபிள். ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் அந்தக் கேபிள், கியர் இறக்குவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று ஆயில் அழுத்தத்துக்குச் சொல்வதும் அதுதான். எனக்கு வேலை செய்த பட்டறையில் அதை டீசல் பம்பின் லீவரில் கண்பார்வையில் மாட்டிவிட்டார்கள், தளர்வாக. காலி வண்டியில் ஒன்றும் தெரியவில்லை, கியர் பட்டுப்போல மாறியது. மாறாதா பின்னே? தட்டுகள் பாதிப் பிடியில் வழுக்கிக்கொண்டிருந்தன. நான்கே மாதத்தில், படகோடு ஒரு நீண்ட ஏற்றத்தில், மூன்றாம் கியர் போய்விட்டது. ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் கருப்பு, மோந்து பார்த்தால் தீய்ந்த வாடை. "பழைய கியர்பாக்ஸ், அப்படித்தான்" என்றார்கள். நானும் முதலில் நம்பினேன்.

இந்தக் கியர்பாக்ஸில் கன்வெர்ட்டர் லாக் ஆவது நான்காம் கியரில் மட்டும். டிரெய்லரோடு மேட்டில் மூன்றாம் கியரில் ஏறும்போதெல்லாம் கன்வெர்ட்டர் திறந்தே இருக்கும், ஆயில் கொதிக்கும். தனியாக ஒரு ஆயில் கூலரும், ஆயில் சூட்டைக் காட்டும் ஒரு மீட்டரும் கட்டாயம் போடுங்கள்.

மேனுவல் ஓட்டத் தயங்காதவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஐந்து கியர் மேனுவலோடு 300 டிடிஐ நன்றாகச் சேரும். சொகுசு வண்டியில் கிளட்ச் மிதிப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கியர் விகிதம் மாற்ற வேண்டுமா?

ஏற்றும் இன்ஜினைப் பொறுத்தது. பழைய ரேஞ்ச் ரோவரில் டிஃப்ரென்ஷியல் 3.54, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை ரேஞ்ச் சுமார் 1.2, ஆட்டோமேட்டிக்கின் நான்காம் கியர் 0.73. வழக்கமான டயரோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 2,300 ஆர்பிஎம்மில் சுற்றும். 300 டிடிஐ, எம்57, ஓஎம்606 எல்லாவற்றுக்கும் இது சரியான இடம். எதையும் தொட வேண்டாம். 2,500 அல்லது 2,800-இல் முடிந்துபோகும் லாரி இன்ஜின்களுக்கு மட்டும் வேறு விகிதம் தேட வேண்டிவரும்.

இன்ஜின் சூடேறுமா?

காலி வண்டியில் ஏறாது. சொல்லப்போனால் குளிர் காலையில் ஹீட்டரில் சூடு வரவே நேரமாகும், டீசல் அவ்வளவு சிக்கனம். டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது கதை மாறும். முன்னால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ஆயில் கூலர், அப்புறம்தான் ரேடியேட்டர். ரேடியேட்டருக்கு வரும் காற்று ஏற்கெனவே மூன்று பேர் மூச்சு விட்டது. ஆகவே ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைப் பட்டையால் அடையுங்கள். காற்று சுற்றிக்கொண்டு ஓட வழி இருக்கக் கூடாது. இன்ஜின் சுழற்றும் விஸ்கஸ் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். இழுவை வண்டிக்கு அது வேண்டாம், விஸ்கஸ் ஃபேன் தள்ளும் காற்று அதிகம்.

இன்னொரு மீட்டர் மிக அவசியம்: டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டைக் காட்டுவது. டீசலில் எரிபொருள் கூடக் கூடப் புகை சூடாகும். பெட்ரோல்போல் தானாக ஓர் எல்லையில் நிற்காது. நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ஒரு கியர் இறக்கிக் காலை எடுங்கள். பம்பின் திருகைத் திருப்பி "கொஞ்சம் பிக்கப் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், இந்த மீட்டர் மாட்டும் வரை கிட்டே விடாதீர்கள். டிடிஐ-யின் ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும்.

பெட்ரோல் டேங்கையே டீசலுக்குப் பயன்படுத்தலாமா?

கழற்றி, முழுக்கக் கழுவி, காயவைத்த பிறகு பயன்படுத்தலாம். உள்ளே இருக்கும் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பை எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் கொஞ்சம்கூட மிச்சம் இருக்கக் கூடாது, ஏனென்றால் டீசல் பம்புக்கு உயவு டீசல்தான். திரும்பி வரும் குழாய் சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், டீசலில் கணிசமான அளவு டேங்குக்குத் திரும்பும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று. செம்புக் குழாயும் துத்தநாகப் பூச்சு உள்ள பாகங்களும் வேண்டாம், அவை டீசலைக் கெடுத்துப் பிசினாக்கும். மூடியில் "டீசல்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பங்கில் பழைய பழக்கத்தில் பெட்ரோலை ஊற்றப்போவது வேறு யாருமில்லை, நீங்கள்தான்.

பிரேக் வேலை செய்யுமா?

பெட்ரோல் இன்ஜின் மூச்சு இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டருக்கு உதவுகிறது. டீசலில் அந்த வெற்றிடம் இல்லை, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். 300 டிடிஐ-யில் அது இன்ஜினோடேயே வருகிறது. ஏபிஎஸ் உள்ள பழைய ரேஞ்ச் ரோவரிலும் பி38-இலும் பிரேக்குக்கு மின்சாரப் பம்ப் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

இறக்கத்தில் டீசல் நன்றாகப் பிடிக்கும் அல்லவா?

லாரியைப் பார்த்து வரும் நம்பிக்கை இது. லாரியில் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும். சாதாரண டீசலில் காலை எடுத்தால் காற்று அழுந்தும், பிறகு ஸ்பிரிங்போல அந்த அழுத்தமே பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். பிடிப்பு மிஞ்சுவது கொஞ்சம்தான். வி8 திராட்டிலை மூடிக்கொண்டு வெற்றிடத்தை இழுத்துப் பிடிப்பதுபோல இது பிடிக்காது. மேலே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதைவிட ஒரு கியர் குறைவாக இறங்குங்கள். டிரெய்லரின் பிரேக்கைப் பயணத்துக்கு முன் சோதியுங்கள்.

பி38-இன் மின்சார வேலை பயங்கரம் என்கிறார்களே?

உண்மை. அதில் பெகம் என்று அழைக்கப்படும் ஒரு மையக் கணினி இருக்கிறது. கதவு, விளக்கு, திருட்டுத் தடுப்பு, இன்ஜினை ஓடவிடுவது எல்லாம் அதன் கையில். புது இன்ஜின் எதிர்பார்க்கும் பதில் அதனிடமிருந்து வராது. அது எதிர்பார்ப்பது புது இன்ஜினிடமிருந்து வராது. டேஷ்போர்டில் மீட்டர்கள் படுத்துவிடும், கியர்பாக்ஸ் கணினி ஒரே கியரில் நின்றுகொள்ளும். இன்ஜினை இறக்கி ஏற்ற இரண்டு வார இறுதி போதும். வயரிங்குக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். இரண்டு வண்டிகளின் வயரிங் வரைபடமும் கையில் இல்லாமல் ஒரு வயரைக்கூட வெட்டாதீர்கள். கணினிக்குப் பயந்தவர்கள் 1980-களின் வண்டியை எடுத்துக்கொள்வது உத்தமம்.

முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

டீசல் மாடலுக்கான ஸ்பிரிங் கிடைத்தால் அதைப் போடுங்கள். அப்புறம் வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். முன்னால் எடை கூடியதைச் சமாளிக்கிறேன் என்று கொக்கியில் கூடுதல் பாரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாத விபரீதம்.

சட்டம், காப்பீடு?

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி. பொதுவாக மூன்று கேள்வி வரும்: இன்ஜின் எண்ணும் எரிபொருளும் பதிவில் மாற்றப்பட்டதா, அந்த வண்டி பிறந்த ஆண்டுக்குரிய புகை அளவை இந்த இன்ஜின் தாண்டாமல் இருக்கிறதா, தகுதியுள்ள பொறியாளர் சான்று தந்தாரா. சில இடங்களில் டீசல் மாற்றத்துக்கே அனுமதி கிடையாது. இன்ஜின் வாங்கும் முன் இதைக் கேளுங்கள், வாங்கிய பின் அல்ல. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதைச் செய்யாமல் டிரெய்லரோடு ஒரு விபத்து நடந்தால், காசு தர மறுக்க அவர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

பணத்தைப் பணமாக எண்ணாமல் லிட்டரில் எண்ணுங்கள், விளங்கிவிடும். டிரெய்லரோடு வி8 25 லிட்டர், டீசல் 15 லிட்டர் என்று வையுங்கள். இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்று என்றால், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் மிச்சம். மாற்றத்துக்கு ஆன மொத்தச் செலவு 6,000 லிட்டரின் விலைக்குச் சமம் என்றால், 60,000 கிலோமீட்டர் இழுத்தால்தான் வட்டி இல்லாத அசல் கைக்கு வரும். வருடத்துக்கு நான்கு முறை படகு இழுப்பவருக்கு இந்த ஜென்மத்தில் திரும்பாது. மாதம் 2,000 கிலோமீட்டர் இழுப்பவருக்கு இரண்டரை வருடம்.

மொத்தச் செலவு என்றால் இன்ஜின் விலை மட்டுமல்ல. என் நோட்டில் எழுதி வைத்ததில் இன்ஜின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழாய், கேஸ்கட், கூலர், சைலன்சர், கியர்பாக்ஸ் இரண்டாம் முறை, சான்றிதழ் என்று மீதியெல்லாம் சில்லறையாகவே போனது.

அப்படியென்றால் டீசலிலேயே வந்த வண்டியை வாங்கிவிடலாமே?

வாங்கிவிடலாம். பெரும்பாலானோருக்கு அதுதான் சரி. 2006-இல் ரேஞ்ச் ரோவரில் வந்த 3.6 லிட்டர் வி8 டீசல் 272 எச்.பி., 640 நியூட்டன் மீட்டர் தருகிறது. எந்தப் பட்டறையிலும் நம்மால் அதற்கு ஈடாக ஒன்றைச் செய்ய முடியாது. மாற்றம் யாருக்குச் சரி என்றால், துருப்பிடிக்காத நல்ல உடல், செத்துப்போன வி8, அந்த வண்டியின் மீது விட முடியாத பிரியம், இந்த மூன்றும் ஒருசேர உள்ளவருக்கு. எனக்கு மூன்றில் இரண்டுதான் இருந்தது. என் வி8 சாகவில்லை.

முடித்த உடனே டிரெய்லர் மாட்டலாமா?

வேண்டாம். முதல் 500 கிலோமீட்டர் காலி வண்டி. பிறகு எல்லா மவுண்ட் போல்ட்டையும், டர்போ குழாய்க் கிளிப்பையும் மறுபடி இறுக்குங்கள். கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். அடுத்து ஒரு டன் டிரெய்லரோடு உங்களுக்குத் தெரிந்த ஒரு மேடு. இன்ஜின் சூடு, கியர்பாக்ஸ் ஆயில் சூடு, புகைச் சூடு ஆகிய மூன்று மீட்டரையும் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். அதன் பிறகே முழுப் பாரம்.

கழற்றிய வி8-ஐ என்ன செய்வது?

விற்றுவிடாதீர்கள், குறைந்தது இரண்டு வருடம். பழைய ரேஞ்ச் ரோவர்களைச் சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அசல் இன்ஜின் எண்ணைத்தான். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, எல்லா வாய்களையும் அடைத்து வையுங்கள். அதன் கணினியையும் வயரிங்கையும் பெயர் எழுதி ஒரே பெட்டியில் போடுங்கள். என்னுடையது ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்ச் சுற்றிவிட்டு வருகிறேன்.